‘சிஸ்ரம் இல்லை, நாளைக்கு வாங்கோ’: ஒரு சுண்டுவிரல் அளவுக் கருவியும் எமது அலுவலகங்களும்

பிரதேச செயலகத்திலோ, வைத்தியசாலையிலோ, வங்கியிலோ வரிசையில் நின்றவர்களுக்கு இந்த வசனம் புதிதல்ல. “சிஸ்ரம் வேலை செய்யேல்லை. நாளைக்கு வாங்கோ.” நகரத்தில் வசிப்பவருக்கு அது ஓர் எரிச்சல். அதிகாலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து, ஒருநாள் கூலியை இழந்து, பிறப்புச் சான்றிதழின் பிரதியொன்றுக்காக வந்து நிற்கும் ஒரு தாய்க்கு அது இன்னொரு நாள் கூலி. இன்னொரு பஸ் கட்டணம். இடப்பெயர்வுகளில் ஆவணங்களைத் தொலைத்தவர்கள் அதிகமுள்ள மாவட்டங்களில், பதிவேட்டில் தன் பெயர் இருக்கிறது என்று நிரூபிப்பதற்காகவே மக்கள் அலுவலகங்களுக்கு அலைய வேண்டியிருக்கிறது. காணி, இழப்பீடு, மரணப் பதிவு, காணாமலாக்கப்பட்டோர் தொடர்பான விசாரணை என்று போருக்குப் பிந்திய வாழ்க்கையின் பெரும்பகுதி கடதாசிகளோடு கட்டுண்டு கிடக்கிறது. அந்தக் கடதாசிகள் இப்போது கணினிக்குள் போய்க்கொண்டிருக்கின்றன.

கணினிக்குள் போவது நல்லதுதான். ஆனால் அந்தக் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் வலையமைப்பு எப்படி அமைக்கப்படுகிறது, அதற்குரிய பொருட்களை யார் தெரிவு செய்கிறார்கள், பழுதானால் யார் திருத்துகிறார்கள் என்ற கேள்விகளை நாங்கள் கேட்பதில்லை. அது தொழில்நுட்பம் தெரிந்தவர்களின் வேலை என்று விட்டுவிடுகிறோம். இந்தக் கட்டுரை அவ்வாறு விடப்பட்ட ஒரு சின்னஞ்சிறு விடயத்தைப் பற்றியது. ‘ட்ரான்சீவர் மொடியூல்’ என்று அழைக்கப்படும், சுண்டுவிரல் அளவேயான ஓர் உலோகத் துண்டு. அதைப் பிழையாகத் தெரிவு செய்தால் பல இலட்சம் ரூபாய் பெறுமதியான கருவிகள் அலுமாரிக்குள் தூங்கும்.

டிஜிட்டல் அலையும் எமது பின்வரிசையும்

ஜனாதிபதி அநுரகுமார திசாநாயக்கவின் அரசாங்கம் டிஜிட்டல் பொருளாதாரத்தைத் தனது முதன்மைத் திட்டங்களில் ஒன்றாக முன்வைத்திருக்கிறது. அரச கொடுப்பனவுகளை இணையவழியில் செலுத்துவதற்கான ‘கவ்பே’ 2025 பெப்ரவரியில் ஆரம்பிக்கப்பட்டது. இந்தியாவின் நன்கொடையோடு டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டம் நகர்கிறது. அதற்கான உடன்படிக்கை 2022 மார்ச்சில், கோட்டாபய ராஜபக்‌ஷவின் காலத்திலேயே கைச்சாத்தானது. ஆட்சி மாறியது. திட்டம் மாறவில்லை.

இந்தத் திட்டங்கள் எல்லாம் கொழும்பில் அறிவிக்கப்படுகின்றன. ஆனால் அவை வேலை செய்ய வேண்டிய இடம் பூநகரியிலோ, வாகரையிலோ, மாந்தையிலோ உள்ள ஓர் அலுவலகத்தின் மூலையில் தொங்கும் சிறிய இரும்புப் பெட்டி. அந்தப் பெட்டிக்குள் ஒரு சுவிட்ச் இருக்கும். அதற்குள் ஒன்றிரண்டு ட்ரான்சீவர்கள் செருகப்பட்டிருக்கும். அங்கே ஒரு விளக்கு அணைந்தால் கொழும்பின் அறிவிப்பு அந்த ஊருக்கு வந்து சேராது.

அடிக்கட்டுமானத்தைக் கவனிக்காமல் மேற்கட்டுமானத்தைக் கட்டினால் என்ன நடக்கும் என்பதை இலங்கை ஏற்கனவே பார்த்திருக்கிறது. 2023 ஓகஸ்ட் இறுதியில் அரச இணையக் களஞ்சியத்தின் மீது நடந்த கப்பத் தாக்குதலில், அவ்வாண்டு மே 17இலிருந்து ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. காலாவதியான மென்பொருளும், அந்தக் காலப்பகுதிக்குரிய மேலதிகப் பிரதி இல்லாமையும் காரணங்கள். அது தலைநகரில் நடந்ததால் செய்தியானது. ஒரு பிரதேச வைத்தியசாலையில் மருந்தகத்துக்கும் வெளிநோயாளர் பிரிவுக்கும் இடையிலான தொடர்பு ஒரு வாரம் அறுந்து கிடந்தால் அது செய்தியாவதில்லை.

கிடைத்ததை வைத்துச் சமாளித்த மக்கள்

எமது மக்களுக்குத் தொடர்பறுந்த வாழ்க்கை என்னவென்று யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. 1990 யூனில் போர் மீண்டும் மூண்ட பின்னர் யாழ்.குடாநாடு பல ஆண்டுகள் மின்சாரமும் தொலைபேசியும் இல்லாமல் கிடந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட தலைமுறை இன்னும் எங்களோடு இருக்கிறது. பென்ரோர்ச் பற்றறிகூடத் தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்த காலம் அது. 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்ட பின்னர் கைத்தொலைபேசிகள் ஊமையாகிய நாட்களும் மறக்கக்கூடியவை அல்ல.

அந்தக் காலம் எமக்கு ஒரு திறமையைத் தந்தது. எந்தப் பொருளையும் பிரித்துப் பார்த்து, வேறொன்றோடு பொருத்தி, ஓட வைக்கும் திறமை. ஆனால் அது ஒரு பழக்கத்தையும் தந்தது. யாராவது எதையாவது தந்தால் கேள்வி கேட்காமல் வாங்கி வைக்கும் பழக்கம். தடைக்காலத்தில் அது சரி. வேறு வழி இருக்கவில்லை. இன்றைக்கு அந்தப் பழக்கம் எங்களுக்குச் செலவு வைக்கிறது. டைனமோவையும் வானொலியையும் கம்பியால் இணைத்துவிடலாம். ஒளியில் ஓடும் வலையமைப்பில் அலைநீளம் பொருந்தாவிட்டால் எந்தக் கைத்திறனும் அதைப் பொருத்திவிட முடியாது.

அது என்ன கருவி?

கணினிகளுக்குள்ளும் சுவிட்சுகளுக்குள்ளும் தகவல் மின்சாரமாக ஓடுகிறது. ஃபைபர் எனப்படும் கண்ணாடி இழைக்குள் அது ஒளியாக ஓடுகிறது. மின்சாரத்தை ஒளியாகவும், ஒளியை மீண்டும் மின்சாரமாகவும் மாற்றிக் கொடுப்பதுதான் ட்ரான்சீவர். மொழிபெயர்ப்பாளர் போல. இரண்டு முனையிலும் ஒவ்வொன்று வேண்டும். இரண்டும் ஒரே மொழியைப் பேச வேண்டும்.

இது சுவிட்சிலேயே நிரந்தரமாகப் பொருத்தப்படாமல், தேவைக்கேற்பக் கழற்றிச் செருகும் துண்டாக வருகிறது. விநாடிக்கு ஒரு கிகாபிட் வேகத்துக்கானது எஸ்எஃப்பி. பத்துக் கிகாபிட்டுக்கானது எஸ்எஃப்பி பிளஸ். இரண்டும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுதான். இங்கேதான் முதலாவது பிழை நடக்கிறது. பத்துக் கிகாபிட் மொடியூலை ஒரு கிகாபிட் துளையில் செருகினால் உள்ளே போகும். ஆனால் வேலை செய்யாது. மறுபக்கமாக, ஒரு கிகாபிட் மொடியூலைப் பத்துக் கிகாபிட் துளையில் செருகினால் பெரும்பாலான சுவிட்சுகளில் வேலை செய்யும். எல்லாவற்றிலும் அல்ல. சுவிட்சின் கையேட்டைப் பார்க்க வேண்டும். உள்ளே போகிறது என்பதற்காகப் பொருந்துகிறது என்று அர்த்தமில்லை.

செம்பா, கண்ணாடியா?

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். வன்னியில் ஒரு பாடசாலை. அதிபர் அலுவலகம் ஒரு கட்டடத்தில். கணினி ஆய்வுகூடம் நூற்றைம்பது மீற்றர் தள்ளி இன்னொரு கட்டடத்தில். இடையில் வேப்பமரங்களும் விளையாட்டு மைதானமும். ஆய்வுகூடத்துக்கு இணையம் கொண்டுபோக வேண்டும்.

செலவு குறைந்த வழி என்று பலரும் நினைப்பது, நீலநிறச் செப்புக் கேபிளை மரங்களில் கட்டி இழுப்பது. சாதாரண செப்பு ஈதர்நெற் கேபிளின் எல்லை 100 மீற்றர். அதற்கு மேல் போனால் சில நாள் வேலை செய்வது போலத் தெரியும். பிறகு விட்டுவிட்டு வரும். நடுவில் இன்னொரு சுவிட்சை வைத்துத் தூரத்தைக் கூட்டலாம் என்பார்கள். மைதானத்தின் நடுவில் அதற்கு மின்சாரம் யார் கொடுப்பது?

தூரத்தைவிடப் பெரிய பிரச்சினை இடிமின்னல். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும், இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில், எமது வானம் எப்படி இடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். மின்னல் நேரடியாகக் கேபிளில் விழத் தேவையில்லை. அண்மையில் எங்காவது விழுந்தாலே இரு கட்டடங்களின் நிலத்தொடுப்புகளுக்கு இடையில் மின்னழுத்த வேறுபாடு உண்டாகும். செப்புக் கம்பி அந்த வேறுபாட்டை இரண்டு பக்கத்துச் சுவிட்சுகளுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். சுவிட்ச் எரியும். சில வேளைகளில் அதோடு இணைந்த கணினிகளும் போகும். மழைக்காலம் முடிய ‘எல்லாம் அடிபட்டுப் போச்சுது’ என்று சொல்லும் பாடசாலைகளில், கட்டடங்களுக்கு இடையில் என்ன கேபிள் ஓடுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் போவதென்றால் ஃபைபர்தான் சரியான தெரிவு. தூரம் முப்பது மீற்றராக இருந்தாலும் அப்படித்தான். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். எலி கடிக்காமலிருக்க இரும்புக் கவசம் போட்ட ஃபைபர் கேபிள்களும் உண்டு. அந்தக் கவசம் உலோகம் என்பதால் அதை முறையாக நிலத்தொடுப்புச் செய்ய வேண்டும். இல்லையேல் கவசமில்லாத கேபிளைக் குழாய்க்குள் விட்டுப் புதைப்பது மேல்.

அப்படியானால் செம்பு வேண்டவே வேண்டாமா? அப்படியல்ல. ஒரே கட்டடத்துக்குள், ஒரே அறைக்குள் செம்பே மலிவும் இலகுவும். கண்காணிப்புக் கமெரா, வைஃபை பெட்டி போன்றவற்றுக்குத் தகவலோடு மின்சாரத்தையும் அதே கேபிளில் அனுப்பலாம். கண்ணாடி இழையில் அது முடியாது. ஒரே இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் இரண்டு சுவிட்சுகளைப் பத்துக் கிகாபிட்டில் இணைக்க, இரு முனையிலும் மொடியூல் பொருத்தப்பட்டே வரும் குட்டைச் செப்புக் கேபிள் போதும். ஐந்தாறு மீற்றருக்குள் அதைவிட மலிவான வழி இல்லை. சாதாரண செப்புக் கேபிளைச் செருகக்கூடிய பத்துக் கிகாபிட் மொடியூல்களும் உண்டு. ஆனால் அவை இரண்டு மூன்று வாட் மின்சாரத்தைத் தின்று நன்றாகச் சூடாகும். பெரும்பாலானவை 30 மீற்றருக்கே உத்தரவாதம் தரும். குளிரூட்டி இல்லாத, தகரக் கூரைக்குக் கீழுள்ள அறைக்கு அவை உகந்தவை அல்ல.

மஞ்சளும் செம்மஞ்சளும்

ஃபைபர் என்று முடிவு செய்த பிறகு இரண்டாவது கேள்வி வருகிறது. எந்த ஃபைபர்? இரண்டு வகை உண்டு. ‘சிங்கிள் மோட்’ இழையில் ஒளி ஓடும் நடுப்பகுதி சுமார் 9 மைக்ரோன். ‘மல்டி மோட்’ இழையில் அது 50 அல்லது 62.5 மைக்ரோன். வெளியுறையின் நிறத்தை வைத்துப் பெரும்பாலும் அடையாளம் காணலாம். கட்டடத்துக்குள் பயன்படும் கேபிள்களில் மஞ்சள் சிங்கிள் மோட். செம்மஞ்சள் பழைய மல்டி மோட். கடல்நீலப் பச்சை புதிய மல்டி மோட். வெளிப்புறக் கேபிள்கள் கறுப்பாகவே இருக்கும். அவற்றில் அச்சிடப்பட்டிருக்கும் எழுத்தைத்தான் வாசிக்க வேண்டும்.

மொடியூலும் அந்த வகையைச் சேர்ந்ததாகவே இருக்க வேண்டும். ஒரு கிகாபிட்டில் ‘எஸ்எக்ஸ்’ என்பது 850 நனோமீற்றர் ஒளியில், மல்டி மோட் இழையில், நல்ல கேபிளில் 550 மீற்றர் வரை போகும். ‘எல்எக்ஸ்’ 1310 நனோமீற்றர் ஒளியில் சிங்கிள் மோட் இழையில் ஓடும். சந்தையில் கிடைப்பவை பெரும்பாலும் 10 கிலோமீற்றருக்குரியவை. பத்துக் கிகாபிட்டுக்குப் போனால் ‘எஸ்ஆர்’, ‘எல்ஆர்’ என்று பெயர் மாறும். எஸ்ஆர் புதிய மல்டி மோட் கேபிளில் 300 அல்லது 400 மீற்றர் போகும். அதே எஸ்ஆர் பழைய 62.5 மைக்ரோன் கேபிளில் 33 மீற்றரைத் தாண்டாது. எல்ஆர் சிங்கிள் மோட்டில் 10 கிலோமீற்றர் போகும்.

இந்த எண்களிலிருந்து ஒரு முடிவு தானாக வருகிறது. மல்டி மோட் கேபிள் வேகம் கூடக்கூடச் சுருங்குகிறது. சிங்கிள் மோட் கேபிள் அப்படியே இருக்க, முனைகளில் மொடியூலை மட்டும் மாற்றிக்கொண்டு பல ஆண்டுகள் போகலாம். ஒருகாலத்தில் சிங்கிள் மோட் மொடியூல்களின் விலை மிக அதிகம் என்பதால் மல்டி மோட் விரும்பப்பட்டது. இன்று அந்த வித்தியாசம் வெகுவாகக் குறைந்துவிட்டது. நிலத்தைத் தோண்டிப் புதைக்கும் கூலிதான் பெரிய செலவு. அதை இரண்டு தடவை செய்ய எமது பாடசாலைகளிடம் காசில்லை. ஆகவே இனிப் புதைக்கும் எந்தக் கேபிளும், தூரம் குறைவாயினும், சிங்கிள் மோட் ஆக இருப்பதே நல்லது. இரண்டு இழை தேவைப்படும் இடத்தில் ஆறோ பன்னிரண்டோ இழைகள் உள்ள கேபிளைப் போடுவதும் அப்படியே. கூலி ஒன்றுதான்.

இன்னும் சில சில்லறைப் பிழைகள் உண்டு. ஒரு முனையில் எஸ்எக்ஸ், மறுமுனையில் எல்எக்ஸ் செருகினால் விளக்கு எரியாது. ஒரே இழையில் இரு திசையிலும் பேசும் ‘பைடி’ வகை மொடியூல்கள் இழை பற்றாக்குறையான இடங்களுக்கு நல்லவை. ஆனால் அவை சோடியாகவே வரும். ஒன்று 1310இல் அனுப்பி 1550இல் வாங்கும், மற்றது மறுபக்கமாக. சோடி பிரிந்து, ஒரே வகை இரண்டும் இரண்டு முனைக்கும் போனால் இரண்டும் ஊமை. இன்னொன்று, ‘கூடிய தூரம் என்றால் கூடிய தரம்’ என்ற எண்ணம். 80 கிலோமீற்றருக்கான மொடியூலை 200 மீற்றர் கேபிளில் பொருத்தினால், அதன் ஒளி மறுமுனையின் கண்ணைக் குருடாக்கிவிடும். மொடியூல் நிரந்தரமாகவே பழுதாகலாம். அவற்றுக்கு ஒளியைக் குறைக்கும் துண்டொன்றை இடையில் போட வேண்டும். மனிதக் கண்ணுக்கும் இது பொருந்தும். இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாதது. எரிகிறதா என்று இழைக்குள் எட்டிப் பார்க்கக்கூடாது.

பெயர்ப்பலகை அரசியல்

இப்போது பணம் போகும் இடத்துக்கு வருவோம். எஸ்எஃப்பியின் அளவும் மின்தொடர்பும் 2000ஆம் ஆண்டளவில் பல நிறுவனங்கள் கூடி ஒப்புக்கொண்ட பொது இணக்கத்தின்படி அமைந்தவை. அதன் நோக்கமே யார் செய்த மொடியூலும் யார் செய்த சுவிட்சிலும் பொருந்த வேண்டும் என்பதுதான். ஆனால் ஒவ்வொரு மொடியூலுக்குள்ளும் ஒரு சிறு நினைவகம் உண்டு. அதில் தயாரித்தவரின் பெயர் எழுதப்பட்டிருக்கும். சில சுவிட்சுகள் அந்தப் பெயரை வாசித்து, தங்கள் நிறுவனத்தின் பெயர் இல்லையென்றால் அந்தத் துளையை மூடிவிடும். ஒளி சரி, அலைநீளம் சரி, வேகம் சரி. பெயர் மட்டும் சரியில்லை. அடையாள அட்டையைக் காட்டிக் காட்டிச் சோதனைச் சாவடிகளைக் கடந்த எமக்கு இந்த முறை விளங்காததல்ல.

இந்தப் பூட்டின் விலை பெரியது. பெருநிறுவனத்தின் பெயர் பொறித்த மொடியூலுக்கும், அதே தரநிலைக்கு அமைய வேறொருவர் செய்த ஒத்தியல்பு மொடியூலுக்கும் விலை வித்தியாசம் பல மடங்கு. பெயர்பெற்ற பல நிறுவனங்கள் மொடியூல்களைத் தாங்களே செய்வதுமில்லை. வேறு தொழிற்சாலைகளில் செய்வித்துத் தங்கள் பெயரை எழுதிக்கொள்கின்றன.

மறுபக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். வலையமைப்பு விழுந்தால், உள்ளே அந்நிய மொடியூல் இருக்கிறது என்று காரணம் காட்டி நிறுவனம் உதவ மறுக்கலாம். மலிவுச் சந்தையில் போலிகளும் உண்டு. ஆகவே ஒரு போதனா வைத்தியசாலையின் மையச் சுவிட்சில், உடன்படிக்கையோடு கூடிய மூல மொடியூலைப் போடுவது வீண்செலவு அல்ல. ஆனால் ஒரு கிராமத்து நூலகத்தின் சுவிட்சுக்கும் அதே விலையைக் கொடுக்க வேண்டிய கட்டாயம் எங்கிருந்து வருகிறது?

அது பெரும்பாலும் கேள்விப்பத்திரத்திலிருந்து வருகிறது. அதில் ஒரு நிறுவனத்தின் பெயரையும் மாதிரி இலக்கத்தையும் எழுதிவிட்டால், போட்டி அங்கேயே முடிந்துவிடும். அந்தச் சுவிட்ச் வந்துவிட்டால் அடுத்த பத்து வருடத்துக்கு மொடியூலும் அங்கேதான் வாங்க வேண்டும். ஆரம்ப விலை குறைவாக இருக்கலாம். பின்னால் வரும் செலவைக் கேள்விப்பத்திரம் கேட்பதில்லை. பெயருக்குப் பதிலாகத் தரநிலையை எழுத வேண்டும். வேகம், அலைநீளம், தூரம், இழை வகை, வெப்பநிலை எல்லை, பிறர் தயாரித்த மொடியூல்களைச் சுவிட்ச் ஏற்கவேண்டும் என்ற நிபந்தனை. ஒரு பக்கத்துக்குள் அடங்கும் விடயம் இது. அதை எழுதத் தெரிந்த ஒருவர் உள்ளூராட்சி மன்றத்தில் இல்லையென்றால், விற்பவரே எழுதிக் கொடுப்பார்.

புலம்பெயர்ந்தோர் அனுப்பும் பெட்டிகள்

எமது பாடசாலைகளின் கருவிகளில் ஒரு பகுதி அரச கேள்விப்பத்திரங்களால் வருவதில்லை. கனடாவிலும் லண்டனிலும் சூரிச்சிலும் உள்ள பழைய மாணவர்கள் அனுப்புவது. அவர்களில் சிலர் கணினித் துறையிலேயே வேலை செய்பவர்கள். தங்கள் நிறுவனம் கழித்துவிடும் சுவிட்சுகளைச் சேர்த்துப் பெட்டி கட்டி அனுப்புகிறார்கள். அந்த அன்பைக் குறைசொல்ல முடியாது. உலகின் பெரிய தரவு மையங்கள் வேகத்தைக் கூட்டிக்கொண்டு போவதால், பழைய பத்துக் கிகாபிட் பொருட்கள் இரண்டாம் கைச் சந்தையில் மலிந்து கிடக்கின்றன. எமது தேவைக்கு அவை தாராளம்.

ஆனால் பெட்டி வந்த பின் நடப்பதைக் கவனிக்க வேண்டும். சுவிட்ச் வரும், மொடியூல் வராது. அல்லது மொடியூல் மல்டி மோட். பாடசாலையில் புதைத்திருப்பது சிங்கிள் மோட். அல்லது சுவிட்ச் பெயரை வாசித்து மறுக்கும். கடவுச்சொல் அழிக்கப்படாமல் வரும். தரவு மையத்துக்காகச் செய்யப்பட்ட சுவிட்ச் பெரும் இரைச்சலோடு மின்சாரத்தைக் குடிக்கும். முதல் மாத மின்பட்டியலோடு அதிபர் அதை அணைத்துவிடுவார். அதன் பிறகு அந்தப் பெட்டி, நன்றிக் கடிதத்தோடும் திறப்புவிழாப் படத்தோடும் அலுமாரியில் இருக்கும்.

இதைத் தவிர்ப்பதற்குப் பெரிய நிபுணத்துவம் தேவையில்லை. அனுப்புவதற்கு முன் பாடசாலையிலுள்ள ஒரு ஆசிரியர் மூன்று படங்களை எடுத்து அனுப்பினால் போதும். கேபிளில் அச்சிடப்பட்டுள்ள எழுத்து, கேபிள் முனையின் இணைப்பி, இப்போதுள்ள சுவிட்சின் முன்பக்கமும் மாதிரி இலக்கமும். அங்கிருப்பவர் அதற்கேற்ற மொடியூல்களைச் சுவிட்சோடு சேர்த்து, தன் வீட்டு மேசையிலேயே ஒரு துண்டு ஃபைபரில் பரிசோதித்து அனுப்பலாம். ஒவ்வொரு வகையிலும் ஒன்று மேலதிகமாக வைத்தால் இன்னும் நல்லது. கொழும்பிலிருந்து வரும்வரை ஒரு வாரம் காத்திருப்பதற்கும் அலுமாரியிலிருந்து எடுத்துச் செருகுவதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

சின்னப் பொருளுக்குள் பெரிய நாடுகள்

இந்த மொடியூல்களை உலகத்துக்குச் செய்து கொடுப்பவர்களில் முன்வரிசையில் நிற்பவை பெரும்பாலும் சீன நிறுவனங்கள். செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் பெருகப் பெருக, உயர்வேக மொடியூல்களுக்கான போட்டி கடுமையாகியிருக்கிறது. அமெரிக்கா ஹுவாவி, இஸட்ரிஈ போன்ற சீன நிறுவனங்களின் கருவிகளைத் தனது தொலைத்தொடர்பு வலையமைப்புகளிலிருந்து அகற்றி வருகிறது. யார் செய்த கருவி யாருடைய தகவலைக் கடத்துகிறது என்பது இன்று வல்லரசுகளின் கேள்வி.

அந்தக் கேள்வி எமது கடற்கரை வரை வந்த அனுபவம் ஏற்கனவே உண்டு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்கான கலப்பு மின்சக்தித் திட்டம் 2021 ஜனவரியில் ஒரு சீன நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. இந்தியா ஆட்சேபித்தது. 2022 மார்ச்சில் அது இந்திய நன்கொடைத் திட்டமாக மாறியது. மூன்று தீவுகளிலும் வாழும் மக்களிடம் எவரும் பெரிதாகக் கேட்கவில்லை. சூரியத் தகடுகளுக்கு நடந்தது நாளை வலையமைப்புக் கருவிகளுக்கும் நடக்கலாம். அப்போதும் கேட்கப்படாதவர்களாக இருப்பதா என்பதே எமது முன்னாலுள்ள கேள்வி.

புவியியலும் ஒன்றைச் சொல்கிறது. இலங்கையை வெளியுலகோடு இணைக்கும் பிரதான கடலடி இணைய வடங்கள் கொழும்பு, கல்கிசை, மாத்தறை என்று மேற்கிலும் தெற்கிலுமே கரையேறுகின்றன. தமிழ்நாட்டுக் கரை கூப்பிடு தூரத்தில் இருந்தாலும், யாழ்ப்பாணத்திலிருந்து இராமேஸ்வரத்துக்குப் போகும் மின்னஞ்சல் தெற்கே சுற்றித்தான் போகிறது. அந்த நீண்ட பாதையை எங்களால் இப்போதைக்கு மாற்ற முடியாது. ஆனால் பாதையின் கடைசி நூறு மீற்றர், அதாவது எமது பாடசாலையின், எமது நூலகத்தின், எமது பிரதேச சபையின் வளவு, எங்கள் கையில் இருக்கிறது.

கேட்க வேண்டிய கேள்விகள்

ஆகவே பிரதேச சபை உறுப்பினர்களும், பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும், பழைய மாணவர் சங்கங்களும் ஒரு வலையமைப்புத் திட்டத்துக்குக் கையெழுத்திட முன் சில கேள்விகளைக் கேட்கப் பழக வேண்டும்.

முதலாவது, கட்டடங்களுக்கு இடையில் செம்பா, ஃபைபரா? செம்பு என்றால் ஏன்?

இரண்டாவது, புதைக்கும் ஃபைபர் சிங்கிள் மோட் தானா? அதில் எத்தனை இழைகள் மேலதிகமாக உண்டு? நிலத்துக்குக் கீழ் அது எங்கே போகிறது என்ற வரைபடம் யாரிடம் இருக்கும்? வரைபடம் இல்லாத கேபிளை அடுத்த வருடம் தண்ணீர்க் குழாய்க்கு வெட்டுபவர் அறுப்பார்.

மூன்றாவது, இரு முனையிலும் உள்ள மொடியூல்களின் அலைநீளமும் தூரமும் என்ன? சுவிட்ச் வேறு நிறுவனத்தின் மொடியூலை ஏற்குமா? இதை வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் வேண்டும்.

நான்காவது, மொடியூல் தன் நிலைமையைத் தானே அறிவிக்கும் வசதி கொண்டதா? நல்ல மொடியூல்கள் தமது வெப்பநிலையையும், வந்து சேரும் ஒளியின் அளவையும் சுவிட்சுக்குச் சொல்லும். ஒரு கிகாபிட் எல்எக்ஸ் மொடியூலுக்கு மறைப் பெறுமானத்தில் ஐந்து, பத்து டிபிஎம் என்று ஒளி வந்தால் சுகம். மறை இருபத்தைந்து என்றால் எங்கோ கேபிள் மடிந்திருக்கிறது, அல்லது முனையில் தூசி. பெரும்பாலும் தூசிதான். துடைத்துச் செருகினால் சரியாகிவிடும் பழுதுக்கு, வாகனம் பிடித்து ஆள் வரவழைத்துப் பணம் கொடுப்பது எமது ஊர்களில் சாதாரணம்.

ஐந்தாவது, பெட்டி வெயிலில் இருக்கப்போகிறதா? சாதாரண மொடியூல்கள் 70 பாகை செல்சியஸ் வரைக்கும் செய்யப்பட்டவை. வெளியில் தூணில் தொங்கும் இரும்புப் பெட்டிக்கு, 85 பாகை வரை தாங்கும் தொழிற்சாலைத் தர மொடியூலைக் கேட்க வேண்டும்.

ஆறாவதுதான் முக்கியமானது. பழுதானால் எமது ஊரில் யார் திருத்துவார்? கருவிக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதி, உள்ளூர் இளைஞர் இருவரைப் பயிற்றுவிக்கவும், ஒளியின் அளவைப் பார்க்கும் சிறு கருவியொன்றும் துடைக்கும் கருவியொன்றும் வாங்கவும் ஒதுக்கப்பட்டிருக்கிறதா? யாழ்.பல்கலைக்கழகமும் கிழக்குப் பல்கலைக்கழகமும் தொழில்நுட்பக் கல்லூரிகளும் இருக்கின்றன. இறுதியாண்டு மாணவர்கள் ஒரு வார இறுதியில் ஒரு பிரதேசத்தின் பாடசாலைகளை எல்லாம் பார்த்துப் பட்டியல் எடுத்துவிடலாம்.

எரிந்த நூலகத்தின் பாடம்

1981இல் யாழ்.பொது நூலகம் எரிக்கப்பட்டபோது தொண்ணூற்றேழாயிரம் வரையான நூல்கள் அழிந்தன. வேறெங்கும் பிரதி இல்லாதவையும் அவற்றுள் இருந்தன. அந்த இழப்பின் பிறகுதான் ஆவணங்களை ஒரே இடத்தில் வைத்திருக்கக்கூடாது என்ற உணர்வு எமக்குள் ஆழமாக வேரூன்றியது. இன்று நூலகம் நிறுவனம் போன்றவை ஈழத்து எழுத்துக்களை இலத்திரனியல் வடிவில் சேமிப்பதன் பின்னாலும் அந்த உணர்வு இருக்கிறது. ஆனால் பிரதி எடுப்பதற்கும், எடுத்த பிரதியை இன்னோரிடத்துக்கு அனுப்புவதற்கும் வலையமைப்பு வேண்டும். அது விழுந்து விழுந்து எழும்பும் ஒன்றாக இருந்தால், பிரதி எடுக்கும் வேலை ‘நாளைக்கு’ என்று தள்ளிப்போகும். தள்ளிப்போகும் வேலைகள் எப்போது நின்றுபோகின்றன என்று யாருக்கும் தெரிவதில்லை.

போர் எமது கம்பிகளை அறுத்தபோது நாங்கள் கேட்பதற்கு ஆளில்லாமல் இருந்தோம். இன்று கேபிளைப் போடுகிறார்கள், கருவியைத் தருகிறார்கள், கையெழுத்துக் கேட்கிறார்கள். அந்தக் கையெழுத்துக்கு முன் ஒரு நிமிடம் நின்று, இது எந்த ஃபைபர், எந்த மொடியூல், பழுதானால் யார் என்று கேட்பதற்கு அரசியல் தீர்வு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வரிசையில் நிற்கும் அந்தத் தாய்க்கு நாளைக்கும் வரச் சொல்லாமல் இன்றைக்கே கடதாசியைக் கொடுத்து அனுப்புவதற்கு, அந்தச் சபைக் கூட்டத்தில் யாராவது ஒருவர் அதைக் கேட்டிருக்க வேண்டும்.